கானாவில் ஒரு மின்தடை: நவசேவா முடக்கமும் மாற்றுப்படிகளின் வரலாறும்

1989 மே மாதம் மும்பைத் துறைமுகத்தின் எதிர்க்கரையில், நவசேவாவில், ஜவஹர்லால் நேரு துறைமுகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் பல நாடுகளுக்கு அஞ்சலில் சென்றன. எய்ட்ஸ் நோய் குறித்த தகவல் வட்டு என நம்பிக் கணினியில் இட்டவர்களின் கோப்புப் பெயர்களை அது உருமாற்றியது. பனாமாவிலுள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பக் கேட்டது. ரான்சம்வேர் எனப்படும் பிணைப்பண மென்பொருளின் வரலாறு இங்குத் தொடங்குகிறது. இவ்விரு வரலாறுகளும் 28 ஆண்டுகளுக்குப் பின் ஒரே இடத்தில் சந்தித்தன.

2017 ஜூன் 27 அன்று நவசேவாவின் கேட்வே டெர்மினல்ஸ் இந்தியா முனையத்தில் கணினிகள் செயலிழந்தன. டென்மார்க்கின் மேர்ஸ்க் குழுமத்தைச் சேர்ந்த ஏ.பி.எம். டெர்மினல்ஸ் நடத்தும் முனையம் அது. எந்தப் பெட்டகம் யாருடையது, எந்தக் கப்பலுக்குரியது என்பதெல்லாம் கணினியிலேயே இருந்தமையால், பாரந்தூக்கிகள் பழுதின்றி நின்றும் பயனில்லை. கையால் எழுதிப் பணிகளை நகர்த்த வேண்டிய நிலை உண்டாயிற்று.

நாட்பெட்யா என்று பெயர் பெற்ற அந்நிரல் மும்பையைக் குறிவைத்து வந்ததன்று. உக்ரைனில் வரிக்கணக்குக்குப் பரவலாகப் பயன்பட்ட எம்.இ.டாக் என்னும் மென்பொருளின் புதுப்பிப்பு வழியே அது நுழைந்தது. விண்டோஸின் ஒரு குறையை அது பயன்படுத்திக்கொண்டது. அக்குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. மே மாதம் வானாகிரை அதே வாயில் வழியாகப் பரவியுமிருந்தது. நாட்பெட்யாவோ கணினி நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களையும் திருடியது. ஆகவே திருத்தம் இடப்படாத ஒரே கணினி, திருத்தப்பட்ட நூறு கணினிகளுக்கும் வழி திறந்துவிட்டது. திரையில் 300 டாலர் பிட்காயின் கேட்கப்பட்டது. ஆயினும் பணம் செலுத்தியவர்களுக்கும் கோப்புகள் மீளவில்லை. அது பிணைப்பண வேடமிட்ட அழிப்பு ஆயுதம். 2018 பிப்ரவரியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ரஷ்ய இராணுவத்தைப் பொறுப்பாக்கின.

மேர்ஸ்க் மீண்ட விதம் வரலாற்று மாணவர்கள் கவனிக்கத்தக்கது. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்பதைக் காக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் அந்நிறுவனத்திடம் ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று ஈடுசெய்யும் என்பது ஏற்பாடு. ஆனால் அனைத்தும் ஒரே வலையில் இருந்ததால் அனைத்தும் ஒருசேர அழிந்தன. கானாவில் மட்டும் ஒன்று தப்பியது. தாக்குதல் வேளையில் அங்கு மின்சாரம் இல்லை என்பதே காரணம். அதிலிருந்த தரவை இணையவழி அனுப்ப வேகம் போதவில்லை. கானா ஊழியருக்குப் பிரிட்டன் விசா இல்லாததால், நைஜீரியா விமான நிலையத்தில் கைமாற்றப்பட்டு அந்த வன்தட்டு இங்கிலாந்து சேர்ந்தது. பத்து நாட்களில் 4,000 சர்வர்களும் 45,000 கணினிகளும் மீள நிறுவப்பட்டன. இழப்பு 25 முதல் 30 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது.

இங்கே ஒரு கருத்து வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும்: உடனுக்குடன் பிரதியாவது வேறு, மாற்றுப்படி வேறு. முன்னதில் அழிவும் உடனுக்குடன் பிரதியாகும். இவ்வறிவு கணினிக்கு முற்பட்டது. நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்று கணக்கைப் பிரித்தெழுதிய மரபில், பேரேடு கெட்டுப்போனாலும் நாள்வழியிலிருந்து அதை மறுபடி எழுதிவிடலாம். பம்பாயின் வணிக அலுவலகங்களில் எழுத்தராகவும் தட்டச்சராகவும் பணிபுரிந்து மாட்டுங்காவிலும் பின்னர்ச் செம்பூரிலும் குடியேறிய தமிழர்கள், கார்பன் தாள் வைத்து எடுத்த படிகளும் அத்தகைய காப்பே. படி தனியே ஓர் அலமாரியில் கிடந்தது. மூலத்துக்கு நேர்ந்தது அதற்கு நேரவில்லை.

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழர்கள் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தனர். தோல் பதனிடும் ஆலைகள் பெரும்பாலும் மறைந்தபின்னும் தோற்பொருள் பட்டறைகள் நிலைத்திருக்கின்றன. மேர்ஸ்கின் இழப்பு அதன் நிதியறிக்கையில் பதிவாகும். இரண்டு அறைப் பட்டறையின் இழப்பை எழுத ஏடில்லை. அதன் விலைப்பட்டியல்கள், ஜி.எஸ்.டி. கணக்கு, வர வேண்டிய பாக்கி, பை வடிவமைப்புகள் ஆகிய யாவும் ஒரே கணினியில் இருக்குமாயின், அது பூட்டப்படும் நாளில் தொழிலே நின்றுவிடும்.

அத்தகைய பட்டறைக்கும் மீட்பு எட்டாக் கனியன்று. தரவு மூன்று படிகளாக, இரு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒரு படியேனும் வலையிலிருந்து துண்டிக்கப்பட்டு வேறிடத்தில் இருக்க வேண்டும். படியெடுத்து முடிந்ததும் வன்தட்டைக் கழற்றிவிடுவதே கானாவின் பாடம். அப்படியிலிருந்து கணக்கு உண்மையில் திறக்கிறதா என அவ்வப்போது மீட்டுப் பார்க்க வேண்டும். அன்றாட வேலைக்கு நிர்வாகிக் கணக்கைப் பயன்படுத்தலாகாது. எதை முதலில் மீட்பது, யாரை அழைப்பது என்பது தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தாக்குண்ட கணினியை உடனே வலையிலிருந்து பிரிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் வெளியிட்ட ஆணைப்படி, அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிப்பதும் கடமை.

2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்கள் தாக்கப்பட்டபோதும், இ-ஹாஸ்பிடல் தரவு மீண்டது பாதிப்புறாத ஒரு மாற்றுச் சர்வரிலிருந்துதான். கானாவில் தற்செயல் செய்ததைத் தில்லியில் ஏற்பாடு செய்தது.

இது வணிகருக்கு மட்டும் உரிய கவலையன்று. தாராவியின் உழைப்பு வரலாற்றை எழுத வருபவருக்குப் பட்டறைக் கணக்கே முதன்மைச் சான்று. பழைய பேரேட்டைக் கரையான் ஓரம் அரித்தாலும் எஞ்சிய பக்கம் பேசும். பூட்டப்பட்ட வன்தட்டில் ஒரு வரியும் எஞ்சாது. களப்பணிக்குச் செல்லும் ஆய்வு மாணவர்கள், நேர்காணலோடு அக்கணக்குகளின் படி ஒன்றையும் உரியவர் இசைவுடன் எடுத்து அவரிடமே கொடுத்து வருவார்களாயின், அது ஆய்வுக்கும் காப்பு, தொழிலுக்கும் காப்பு.