கடல்கோட் கதைகளும் அவற்றின் சான்றுகளும்

பெருவெள்ளத்தால் உலகம் அழிந்ததென்றும், ஒரு சிலர் மாத்திரமே தப்பிப் பிழைத்தனரென்றும் கூறும் கதைகள் பழைய நாகரிகங்கள் பலவற்றில் உள. சதபத பிராமணத்தில் மனுவின் தோணியை ஒரு மீன் இழுத்துச் சென்று வடமலையிற் சேர்க்கின்றது. பாகவதமோ, மீனாற் காக்கப்பட்டவன் சத்தியவிரதன் என்னும் திராவிட மன்னன் என்கின்றது. சீகாழிக்குத் தோணிபுரம் என்னும் பெயரும், குடந்தைக்குக் கும்பகோணம் என்னும் பெயரும் பிரளயக் கதையோடு பிணைந்தவை. மிஷன் பாடசாலைகளிற் கல்வி பயின்ற எம்மிற் பலர், காலையிலே நோவாவின் பேழையைப் பற்றிப் படித்து, மாலையிலே கோயிற் புராண படனத்தில் மச்சாவதாரத்தைக் கேட்டு வளர்ந்தோம். இவையெல்லாம் வெறுங் கற்பனையோ, அன்றி உண்மையின் எதிரொலியோ என்பது ஆராய்தற்குரியது.

இத்தேடலை மேல்நாட்டிலே தொடக்கி வைத்தவர்களுள் ஒருவர் ஜோர்ஜ் ஸ்மித். பிரித்தானிய நூதனசாலையிலே, நினிவே நகரத்துக் களிமண் ஏடுகளை வாசித்துக்கொண்டிருந்த அவர், மலைமேல் தங்கிய கப்பலையும் அதிலிருந்து பறக்கவிடப்பட்ட புறாவையும் பற்றிய வரிகளைக் கண்டார். 1872ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் அதனை அறிஞர் சபையில் அறிவித்தபோது, நோவாவின் கதைக்கு ஒப்பான கதை பபிலோனியரிடமும் இருந்தமை வெளியாயிற்று. பின்னர் 1929ஆம் ஆண்டளவில் லெனாட் வூலி என்பார் ஊர் நகரத்தை அகழ்ந்தபோது, மக்கள் வாழ்ந்த தடயம் சிறிதுமில்லாத தடித்த வண்டற் படையொன்றைக் கண்டார். அதன் மேலும் கீழும் மனிதர் பயன்படுத்திய பொருள்கள் கிடைத்தன. “பிரளயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்” என உலகம் வியந்தது. ஆயின், அந்நாட்டின் வேறு நகரங்களிற் கண்ட வண்டற் படைகள் வேறு வேறு காலத்தனவாயிருந்தன. ஆகவே உலகம் முழுவதையும் மூடிய ஒரே வெள்ளம் அன்று. ஆறுகள் கரைபுரண்டு வெவ்வேறு காலத்தில் ஊர்களை அழித்த வெள்ளங்களே அவை என்பது தெளிவாயிற்று.

இனி, நம் தமிழ் மரபை நோக்குவோம். இறையனார் களவியலுரை மூன்று சங்கங்களைக் கூறி, முதலிரு சங்கங்கள் இருந்த மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டது என்கின்றது. அச்சங்கங்கள் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் நிலவினவாம். அடியார்க்குநல்லார் பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 49 நாடுகள் இருந்தன என்பர். 1864இல் ஸ்கிளேற்றர் என்னும் விலங்கியல் அறிஞர், மடகாஸ்காரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட ஒத்த விலங்குகளுக்குக் காரணங் கூற ‘லெமூரியா’ என்னும் நிலத்தைக் கற்பித்தார். அதுவே நமது குமரிநாடு எனத் தமிழறிஞர் பலர் மகிழ்ந்தனர். ஆனால் 1960களில் நிலத்தட்டுகளின் நகர்வு பற்றிய கொள்கை நிலைபெற்றபின், இந்து சமுத்திரத்தில் ஒரு கண்டம் மூழ்கிற்று என்னும் கருத்தை விஞ்ஞானிகள் கைவிட்டனர்.

ஆயினும் கதை முழுவதும் பொய் என்று தள்ளிவிடலாகாது. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்திலிருந்தபோது கடல்மட்டம் இன்றையிலும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அக்காலத்திலே தரையாயிருந்தது. இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாய் இருந்தன. பனி உருகக் கடல் மெல்ல மெல்ல ஏறி அந்நிலத்தை மூடிற்று. கண்டம் மூழ்கவில்லை, கரை மூழ்கியது. கரையிழந்தாரின் நினைவே தலைமுறை தோறும் வளர்ந்து கதையாயிற்று என்று கருத இடமுண்டு. அதற்கு உறுதி கூறுதல் இயலாது.

நமது தீவிலும் ஒரு கடல்கோட் கதை உண்டு. களனிதீசன் குற்றமற்ற தேரரொருவரைக் கொல்வித்தான். கடல் சினந்து நாட்டினுட் புகுந்தது. அவன் மகளைப் பொற்கலத்தில் ஏற்றிக் கடலில் விட, அவள் தென்கீழ்க் கரையில் ஒதுங்கிக் காவன்தீசனை மணந்து துட்டகைமுனுவுக்குத் தாயானாள் என மகாவமிசம் கூறும். அவள் ஒதுங்கிய இடம் கிரிந்தை என்பாரும், நமக்கு அண்மையிலுள்ள பொத்துவில் என்பாரும் உளர். அம்பாந்தோட்டைக்கு அருகே கரகன் களப்பின் சேற்றைக் குழாயாற் குடைந்தெடுத்து ஆராய்ந்த அறிஞர், சேற்றினிடையே கடல்மணற் படைகளைக் கண்டு, கடந்த 7,000 ஆண்டுகளிற் பேரலைகள் அங்கே பன்முறை ஏறியதை 2014இல் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று களனிதீசன் காலத்தது எனத் துணிதற்கில்லை. எனினும், கடல் நாட்டினுட் புகுந்தது என்று நம் முன்னோர் சொன்னது நடவாத காரியமன்று என்பதற்கு அச்சேறே சாட்சி.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் அச்சாட்சியை நம் மக்கள் கண்ணாலேயே கண்டனர். சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அலை நமது எழுவான்கரையில் மோதியது. நாவலடியும் கல்லடியும் பட்ட பாட்டை எழுத்தில் அடக்க முடியாது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் சாய்ந்தது. இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே அலை மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்திலே மணலை அரித்துக் கல்வெட்டுப் பாறையொன்றை வெளிப்படுத்த, 2005இல் அங்கே அகழ்ந்தவர்கள் பல்லவர் காலத்துக் கோயிலையும் அதன்கீழ்ப் பழைய செங்கற் கோயிலொன்றையும் கண்டனர். அதுவும் முருகன் கோயிலே.

இவ்விடத்திலே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. சுமாத்திராவுக்கு அண்மையிலுள்ள சிமெயுலுவே தீவினர் 1907இல் ஒரு பேரலையால் அழிவுற்றவர்கள். அதனை அவர்கள் ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டுத் தாலாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் பலமாக நடுங்கிக் கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு என்பதே அக்கதையின் சாரம். 2004இல் ஏறக்குறைய 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர் எழுவர் மட்டுமே. பாட்டி சொன்ன கதை ஒரு தீவையே காத்தது! பொற்கலத்தில் மிதந்த இளவரசியை நாம் மறக்கவில்லை. ஆனால் கடல் ஏறினால் என் செய்வது என்னும் பாடம் நம் கதையில் எஞ்சியிருக்கவில்லை.

நண்பர்களே! 1957ஆம் ஆண்டு வெள்ளத்தையும், 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும் கண்ட பெரியோர் இன்னும் நம்மிடையே உளர். வாவி எவ்வளவு பெருகிற்று, முகத்துவாரத்தை எப்பொழுது வெட்டினர், எந்த மேட்டிலே மக்கள் ஒதுங்கினர் என்பவற்றை அவர்களே அறிவர். பெரியோர்களைப் பணிவுடன் வேண்டுகின்றோம்: சொல்லுங்கள். இளைஞராகிய நாம் ஊர் ஊராகச் சென்று கேட்டு, ஆண்டும் இடமும் குறித்து எழுதி வைப்போம். 2004இன் பின் பிறந்த சிறுவர்க்கு அதனைக் கதையாகவும் பாட்டாகவும் கொடுப்போம். கடல் கொண்ட கபாடபுரத்தைத் தேடுவது அறிஞர் கடன். கடல் கொள்ளாது நம் ஊரைக் காக்கும் நினைவைப் பேணுவது நம் கடன்.