கடலுக்குள் சென்ற காமிரா

நம்மில் பலர் இன்று கடலைக் காணாத ஊர்களில் வாழ்கிறோம். தில்லியிலும் நாகபுரியிலும் பணிபுரிவோர், ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, திருச்செந்தூரிலோ சென்னையிலோ ஒரு மாலைப்பொழுது அலையருகே நின்றுவிட்டுத் திரும்புகிறோம். மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் வாழ்வோர்க்குக் கடல் அருகிலேயே இருக்கிறது. எனினும் அவர்கள் காண்பதும் அலையை மட்டுமே. அலைக்குக் கீழே உள்ள உலகை நாம் அறிந்திருப்பதெல்லாம் பெரும்பாலும் திரையில் கண்டதுதான். அந்தப் படங்களை முதன்முதலில் எடுத்தவர்கள் யார்? அவர்கள் எவ்வாறு தொடங்கினார்கள்? அந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

தரையில் படம் எடுப்பவருக்கு இல்லாத மூன்று இடர்கள் நீருக்குள் படம் எடுப்பவருக்கு உண்டு. காமிராவுக்குள் நீர் புகக்கூடாது. படத்துக்குப் போதிய ஒளி வேண்டும். படம் எடுப்பவருக்கு மூச்சு வேண்டும். இம்மூன்றும் ஒரே நாளில் தீர்ந்தவை அல்ல. ஏறத்தாழ நூறு ஆண்டுகள், ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்க்கப்பட்டவை.

முதல் முயற்சி 1856-ஆம் ஆண்டில் நடந்தது. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வேமத் என்னும் ஊரில் வில்லியம் தாம்சன் என்பவர் இருந்தார். தொழிலால் வழக்கறிஞர், விருப்பத்தால் இயற்கை ஆராய்ச்சியாளர். காமிராவை ஒரு பெட்டிக்குள் வைத்து, படகிலிருந்து 18 அடி ஆழத்துக்கு இறக்கினார். ஏறத்தாழ பத்து நிமிடம் காத்திருந்து மேலே இழுத்தார். பெட்டிக்குள் நீர் புகுந்திருந்தது. ஆயினும் தகட்டில் பாறையும் கடற்பாசியும் மங்கலாகப் பதிந்திருந்தன. பாலங்களின் அடித்தூண்கள் பழுதுபட்டால், ஆளை இறக்காமலே குறைந்த செலவில் பார்த்தறிய இம்முறை உதவும் என்பது அவருடைய எண்ணம். கடலின் அழகைக் காட்டுவது அன்று நோக்கமாக இருக்கவில்லை.

அடுத்து, 1893-இல் பிரான்சு நாட்டு உயிரியல் அறிஞர் லூயி பூத்தான், பான்யூல் என்னும் கடற்கரையூரில் தாமே நீர்மூழ்கி உடை அணிந்து இறங்கினார். காமிராவுக்கேற்ற நீர்புகாப் பெட்டியை அவருடைய உடன்பிறந்தார் அமைத்துத் தந்தார். ஒளி போதவில்லை; ஒரு படத்துக்கு அரைமணி நேரங்கூட அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. எனவே, பிராணவாயு நிரப்பிய பீப்பாயின் மேல் கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து, உள்ளே விளக்கேற்றி, அதில் மக்னீசியப் பொடியை ஊதிப் பேரொளி உண்டாக்கினார். நீருக்குள் செயற்கை ஒளி கொண்டு படமெடுக்கும் வழி இவ்வாறு பிறந்தது.

இவையெல்லாம் அசையாப் படங்கள். அசையும் படத்தைக் கடலுக்குள் முதன்முதல் எடுத்த பெருமை அமெரிக்கரான ஜான் எர்னஸ்ட் வில்லியம்சனைச் சாரும். அவர் செய்தித்தாள் அலுவலகமொன்றில் பணியாற்றியவர். அவருடைய தந்தை, மூழ்கிய கப்பல்களிடம் சென்று வேலைசெய்வதற்காக, இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்து, நீளவும் சுருங்கவும் கூடிய குழாயொன்றை அமைத்திருந்தார். அக்குழாயின் அடியில் கண்ணாடிச் சாளரமுள்ள இரும்பு அறையைப் பொருத்தினால், ஆள் நனையாமலே உள்ளே அமர்ந்து படம் எடுக்கலாமே என்று மகனுக்குத் தோன்றிற்று. 1914-இல் தெளிந்த நீருக்குப் பெயர்பெற்ற பகாமாஸ் தீவுகளுக்குச் சென்று அவ்வாறே செய்தார்.

சுறாமீனோடு மனிதன் போரிடும் காட்சி வேண்டுமென்று, இறந்த குதிரையொன்றை நீரில் தொங்கவிட்டுச் சுறாக்களை வரவழைத்தார்கள். குதித்தவர் காமிராவின் பார்வைக்கு அப்பால் போய்விட்டார். இறுதியில் வில்லியம்சனே கத்தியுடன் குதித்துச் சாளரத்தின் முன்னால் சுறாவைக் கொன்றார். 1916-இல் ஜூல் வேர்னின் புகழ்பெற்ற கடற்கதை இவருடைய உதவியோடு திரைப்படமாயிற்று. அதில் வரும் பெரிய பேய்க்கணவாய் உயிருள்ளதன்று, செய்துவைத்த பொம்மை. கடலடியிலிருந்து வந்த முதற்படங்களிலேயே கொலையும் கற்பனையும் கலந்திருந்தன என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

வில்லியம்சன் மூச்சு என்னும் இடரை வென்றார் என்று சொல்வதற்கில்லை, அதைத் தவிர்த்தார். அவருடைய காமிரா கப்பலில் கட்டுண்டிருந்தது. மீன் போகுமிடமெல்லாம் அதனால் போக முடியவில்லை. காமிராவைக் கையிலேந்தி மனிதன் தானே நீந்த வேண்டும் என்ற எண்ணம் பிற்பாடு வந்தது.

வியன்னா நகரத்து இளைஞர் ஹான்ஸ் ஹாஸ், தென் பிரான்சுக் கடலில் ஈட்டி கொண்டு மீன்வேட்டை ஆடக் கற்றவர். ஈட்டி இருந்த கையில் காமிராவும் வந்தது. 1939-இல் நண்பர் இருவருடன் கரீபியக் கடலின் குரசாவ், போனேர் தீவுகளுக்குச் சென்று, மூச்சை அடக்கி மூழ்கிப் படம் எடுத்தார். நம் முத்துக்குளிப்போரைப் போல, ஒரு மூச்சில் எவ்வளவு இயலுமோ அவ்வளவே அவருக்கும் கிடைத்தது.

அதே காலத்தில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் இதே வழியில் இறங்கினார். போர்க்காலம், திரைப்படச் சுருள் கிடைக்கவில்லை. சாதாரணப் புகைப்படக் காமிராவுக்குரிய சிறு சுருள்களை வாங்கி, இருட்டில் போர்வைக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்த்தார்கள். காமிராவோ பழையதாக விலைக்கு வாங்கியது. இவ்வாறு 1942-இல் எடுத்த முதற்படத்துக்குப் ‘பதினெட்டு மீட்டர் ஆழத்தில்’ என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே, பொறியாளர் எமீல் கஞ்ஞானுடன் சேர்ந்து, வேண்டிய அளவு காற்றைத் தானே அளந்து தரும் மூச்சுக்கருவியைக் கூஸ்தோ உருவாக்கினார். மூன்றாவது இடரும் நீங்கிற்று. கப்பலோடு கட்டிய கயிறோ குழாயோ இன்றி, மனிதன் மீனோடு மீனாக நீந்திப் படம் எடுக்கலானான்.

நீர் ஒளியை விழுங்குகிறது. அதிலும் சிவப்பை முதலில் விழுங்குகிறது. ஏறத்தாழ 120 அடி ஆழத்தில் ஈட்டி பட்ட மீனிலிருந்து வழிந்த குருதி பச்சையாகத் தோன்றியதாகவும், மேலே வரவரவே அது சிவந்ததாகவும் கூஸ்தோ எழுதியிருக்கிறார். பெருவிளக்குகளைக் கீழே கொண்டுசென்றபோதுதான், நீலமாகத் தோன்றிய பாறைகள் செந்நிறம் கொண்டிருப்பதை உலகம் அறிந்தது. லூயி மால் என்னும் இளைஞருடன் சேர்ந்து அவர் வண்ணத்தில் எடுத்த ‘மௌன உலகம்’, 1956-இல் கான் திரைப்பட விழாவின் தலையாய பரிசைப் பெற்றது. கோடிக்கணக்கானோர்க்குக் கடலடி கண்கூடாயிற்று.

ஆயினும் அந்தப் படத்தை இன்று காண்பவர் சில இடங்களில் முகம் திருப்பிக்கொள்வர். மீன்களை எண்ணுவதற்காகப் பவளப் பாறையில் வெடி வைக்கிறார்கள். செத்த மீன்கள் குவிகின்றன. கப்பலின் சுழல்விசிறி பட்டுத் திமிங்கிலக் குட்டியொன்று காயமடைகிறது. அதைத் தின்ன வந்த சுறாக்களை மாலுமிகள் வெறிகொண்டு அடித்துக் கொல்கிறார்கள். காட்டுவதற்குச் சென்றவர்களே அழித்தார்கள். ஆனால் நீதியைச் சொல்லும்போது முழுவதையும் சொல்ல வேண்டும். அந்தக் கூஸ்தோவே 1960-இல் கதிரியக்கக் கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டும் திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1973-இல் கடலைக் காக்கும் சங்கமொன்றையும் நிறுவினார். ஆண்டுக்கணக்கில் கடலைப் பார்த்துப் பார்த்து அவர் மனம் மாறியது என்றே நாம் கொள்கிறோம்.

இச்செய்தி நமக்கு அயலானதன்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளைக் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்குமாக நெடுங்காலம் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த அரண் போயிற்று. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் இன்று நீருக்குள். 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. கரையிலிருந்த எத்தனை பேர் அந்தப் பாறைகளை உயிருள்ளவையாகக் கண்டிருப்பார்கள்? கண்ணால் காணாததற்காக வருந்துவார் அரியர். கடலடிப் படத்தின் பயன் இங்கேதான் விளங்குகிறது.

இன்று உள்ளங்கையில் அடங்கும் வீடியோக் காமிராக்கள் வந்துவிட்டன. அந்தமானுக்கோ, இலட்சத்தீவுக்கோ, கருநாடகக் கரையின் நேத்திராணிக்கோ செல்லும் நம் பிள்ளைகள் எளிதில் படம் எடுக்கலாம். அவர்களுக்கு அந்த முன்னோடிகளின் பட்டறிவு உதவும். தாம்சனின் பெட்டியில் நீர் புகுந்ததை நினைத்து, காமிராவை வைக்கும் முன் வெறும் பெட்டியை நீரில் அமிழ்த்திச் சோதிக்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மயிரிழையோ மணலோ இருத்தலாகாது. இடையிலுள்ள நீரே ஒளியையும் நிறத்தையும் கவர்வதால், தொலைவிலிருந்து எடுக்காமல் அருகே செல்ல வேண்டும். நீரில் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் அருகிலுள்ளவை போலவும் தோன்றும். கண்ணை நம்பித் தொலைவை அளக்கலாகாது. எல்லாவற்றுக்கும் முன்னால், காமிரா இல்லாமலே நீரில் அசையாது மிதக்கப் பழக வேண்டும். துடுப்புக் காலால் ஓர் உதை விட்டால், பல ஆண்டு வளர்ந்த பவளக்கிளை ஒடிந்துவிடும். பாறை கட்டும் பவளங்களுக்கு நம் வனவுயிர்ச் சட்டத்தின் உயர்ந்த பாதுகாப்பு 2001 முதல் உண்டு.

காமிரா நனையாமல் இறங்கவும், இருளில் விளக்கு எரியவும், மனிதன் மூச்சுவிடவும் நூறு ஆண்டுகள் உழைத்தார்கள். எதையும் தொடாமல் பார்த்துவிட்டு மேலே வரும் பழக்கம் அவற்றுக்கும் பின்னரே வந்தது. நம் பிள்ளைகள் அதனை முதல் நாளிலேயே கற்றுக்கொள்வார்களானால், அவர்கள் எடுக்கும் படத்திலுள்ள பாறையை அவர்களுடைய பிள்ளைகளும் நேரில் சென்று காண்பார்கள்.