உலராமல் உலர்த்தும் வித்தை

பழைய நகரங்களுக்கு அடியில், ஓடைக்கரைகளிலும் கழிவுக்குழிகளிலும் ஈரம் வற்றாத மண் உண்டு. காற்றுப் புகாத அந்தச் சேற்றில் மரமும் தோலும் எளிதில் மக்குவதில்லை. அகப்பை, சீப்பு, செருப்பு, எழுதுபலகை என்று யாரோ கழித்துப் போட்டவை ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் உருவம் மாறாமல் வெளியே வருகின்றன. ஆபத்து அதற்குப் பிறகுதான். எளிதில் மக்காவிட்டாலும், மரத்தின் உள்ளிருந்த செல்லுலோசில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தின்றிருக்கும். அந்த வெற்றிடத்தில் தண்ணீர் நின்று செல் சுவர்களைத் தாங்கிக்கொண்டிருக்கும். அது ஆவியாகும்போது அதன் பரப்பு இழுவிசை, மெலிந்த சுவர்களை ஒன்றோடொன்று இழுத்து நசுக்கிவிடும். வெயிலில் போட்ட வாழைத்தண்டு போல மரம் சுருங்கும். திரும்ப நனைத்தாலும் பழைய உருவம் வராது.

இதற்கு முதலில் வழி கண்டவர்களில் ஒருவர் டென்மார்க்கின் தொல்லியலாளர் ஹெர்ப்ஸ்ட். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், ஊறிய மரத்தைச் சூடான படிகாரக் கரைசலில் போட்டார். உள்ளே புகுந்த படிகாரம் ஆறியதும் படிகமாகிச் சுவர்களைத் தாங்கியது. மேலே ஆளிவிதை எண்ணெய் பூசினார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஸ்காண்டிநேவிய அருங்காட்சியகங்கள் இதையே நம்பின. நார்வேயில் 1904இல் தோண்டியெடுத்த ஓசெபெர்க் கப்பல் கல்லறையின் மரப்பொருள்கள் பலவும் இப்படித்தான் காப்பாற்றப்பட்டன. ஆனால் படிகாரக் கரைசலைச் சூடாக்கும்போதே கந்தக அமிலம் பிறக்கிறது. அது உள்ளிருந்து மரத்தை அரித்தது. இன்று அவற்றில் சில வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே பொடிந்து கிடக்கின்றன. ஹெர்ப்ஸ்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வழி இல்லாதிருந்தால் அந்தப் பொருள்கள் முதல் சில வாரங்களிலேயே போயிருக்கும்.

1950களில் ஸ்வீடனில் படிகாரத்துக்கு மாற்று வந்தது: பாலிஎதிலீன் கிளைகால். களிம்புகளிலும் மருந்துகளிலும் சேர்க்கும், தண்ணீரில் கரையும் மெழுகு. தண்ணீர் இருந்த இடத்தில் மெதுவாக இது குடியேறும். மெதுவாக என்றால் மிக மெதுவாக. 1961இல் ஸ்டாக்ஹோமில் கடலிலிருந்து தூக்கிய வாசா கப்பல் மீது 17 ஆண்டுகள் இதைத் தெளித்தார்கள்.

சின்னஞ்சிறு பொருள்களுக்கு இதைவிட நுட்பமான வழி வேண்டியிருந்தது. திரவம் ஆவியாகும்போதுதான் மரம் நசுங்குகிறது என்றால், திரவ நிலையையே தாண்டிவிட்டால் என்ன? தண்ணீரை உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேரே ஆவியாக்கிவிடலாம். பதங்கமாதல் என்று பள்ளியில் படித்ததுதான். ஆனால் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். அதுவே மரத்தைப் பிளக்கும். நியூகினி மலைநாட்டுச் சதுப்பில் 1960களில் கிடைத்த பழைய உழவர் கருவிகளை வைத்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் வால் ஆம்புரோஸ் இதற்கு விடை தேடினார். உறையவைக்கும் முன் பாலிஎதிலீன் கிளைகாலை 10 சதவீத அளவில் ஊறவிட்டால் போதும், பனியின் சேதம் அடங்குகிறது என்று 1970இல் எழுதினார். டென்மார்க்கில் கிறிஸ்டென்சன் என்ற ஆய்வாளரும் அதே காலத்தில் உறைய வைத்து உலர்த்தும் சோதனைகளில் இருந்தார். அரசர் கல்லறைப் பொருள்களைவிட, எளியவர் மண்ணைக் கிளறிய கோல்களிலிருந்து இந்த முறை வளர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

லண்டனில் 2010 முதல் 2014 வரை புளூம்பெர்க் கட்டடத்துக்காகத் தோண்டியபோது, மண்மூடிப்போன வால்புரூக் ஓடையின் சேற்றில் 405 ரோமானிய எழுதுபலகைகள் கிடைத்தன. எழுதுவதற்காக அவற்றில் பூசிய மெழுகு எப்போதோ போய்விட்டது. மெழுகைத் தாண்டி எழுத்தாணி பலகையில் பதித்த கீறல்கள் மட்டுமே மிச்சம். மேற்பரப்பு கொஞ்சம் சுருங்கியிருந்தாலும் அவ்வளவும் அழிந்திருக்கும். இதே முறையில் ஊறவைத்து, உறையவைத்து உலர்த்திய பிறகு, சாய்ந்த ஒளியில் படமெடுத்து 80க்கும் மேற்பட்ட பலகைகளைப் படித்தார்கள். ஒன்றில், விடுதலை பெற்ற அடிமையான திபுல்லுஸ் இன்னொருவருக்குத் தரவேண்டிய 105 தெனாரியஸ் காசுக் கடன் பதிவாகியிருக்கிறது, தேதி கி.பி. 57, ஜனவரி 8.

பாலிஎதிலீன் கிளைகால் ஈரத்தை இழுக்கும் பொருள். ஆகவே இப்படிக் காப்பாற்றிய மரத்தை வைத்திருக்கும் அறையின் ஈரப்பதத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். நாளை இதைவிட நல்ல வழி வந்தால், இந்த மெழுகைத் தண்ணீரில் பெருமளவு கரைத்து வெளியேற்றவும் முடியும்.