பனி கண்ட தமிழர்

தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துள்ளது. அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. பிரிவுக்குரிய பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் தொல்காப்பியம் உரிமையாக்கியது. ஆயினும் தமிழகத்து மக்கள் நாள்தோறும் கண்ட பனி, புல்லின் நுனியில் தங்கிக் கதிரவன் எழுந்ததும் மறைந்துவிடும் பனியே. இமயத்தின் பனியை அவர்கள் பாட்டில் அறிந்திருந்தனரேயன்றி அதன் நடுவே குடியிருந்தாரல்லர். நிலத்தை மூடி மாதக்கணக்கில் கிடக்கும் வெண்பனியின் நடுவே தமிழர் பெருந்தொகையினராய் வாழத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான்.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் மேலைநாடுகளுக்குக் குடிபெயர எண்ணும் குடும்பங்களில் எழும் வினாக்களுள் ஒன்று குளிரைப் பற்றியது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகை அளவில் அமைந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரமே. வெப்பநிலையும் மாதத்துக்கு மாதம் பெரிதும் மாறுவதில்லை. இத்தகைய நிலத்தில் பிறந்தோர் நெடுங்குளிரை அஞ்சுவது இயல்பே. ஆனால் இப்பள்ளத்தாக்கின் தமிழரும் ஒரு காலத்தில் அயலான பருவநிலைக்கு வந்து சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்களே என்பதை மறத்தலாகாது.

கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவையும் இணைத்த இருப்புப்பாதை 1886ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1891இல் சிலாங்கூரின் அரசுப் பொறியாளராக வந்த சார்லஸ் எட்வின் ஸ்பூனர், முன்னர் இலங்கையில் பணியாற்றியவர். யாழ்ப்பாணத் தமிழரின் ஆங்கிலக் கல்வியையும் கணக்குத் திறனையும் அவர் அறிந்திருந்தார். எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் அவர்கள் மலாயா வந்தனர். பலர் பிரிக்பீல்ட்சின் இரயில்வே குடியிருப்புகளில் தங்கினர். பனையும் கிணறும் உள்ள வறண்ட தீபகற்பத்தை விட்டு, ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நிலத்துக்கு அவர்கள் வந்தனர். அவர்களின் முயற்சியால் 1902இல் கந்தசுவாமி கோயிலுக்கு வித்திடப்பட்டது. 1904இல் விவேகானந்த ஆசிரமம் தோன்றியது. நல்லூரை நினைவூட்டும் ஒரு கோயிலும், கூடிப் பேச ஓர் இடமும் அமைந்த பின்னரே அயல்மண் அவர்களுக்கு ஊராயிற்று.

கிள்ளான் பகுதித் தோட்டங்களுக்கு வந்த தமிழகத் தொழிலாளரின் கதை வேறு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய அவர்களுக்கு, கங்காணியின் வாய்ச்சொல்லே வழிகாட்டியாய் இருந்தது. செல்லும் நாட்டின் காற்றும் நீரும் எத்தகையவை என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்பு அவர்களிற் பலருக்குக் கிட்டவில்லை. காட்டை அழித்த இடத்திலும் சதுப்பு நிலத்திலும் மலேரியாக் காய்ச்சல் அவர்களைப் பலிகொண்டது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டபோது அங்கும் அந்நோய் கடுமையாகப் பரவியது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்புகளை வடிகால் வெட்டி உலர்த்தச் செய்தார். நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் தணிந்தது. தோட்டங்களுக்கு அந்நன்மை பரவக் காலம் பிடித்தது.

இவ்விரு கதைகளும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. பருவநிலை எல்லார்க்கும் பொது. அதன் துன்பம் பொதுவன்று. குடியிருப்பும் ஊதியமும் பெற்ற எழுத்தரை அது தொட்ட விதம் வேறு. லயத்தில் வாழ்ந்த தொழிலாளியை அது தாக்கிய விதம் வேறு. இலங்கையின் மலைத் தோட்டங்களிலும் இந்நிலையே காணப்பட்டது. நுவரெலியாவின் குளிரில் தேயிலை பறித்த தமிழருக்குக் கொடுக்கப்பட்ட கம்பளியும் அவர்கள் கடன் கணக்கில் ஏறியது.

இப்பின்னணியில் வடபுலம் சென்ற தமிழரைக் காண்போம். யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே சென்றார். தாயகத்து மீனவரின் மேம்பாட்டுக்காக 1967இல் உருவான சேநோர் அமைப்பு அவர் முயற்சியால் விளைந்தது. அவர் திறந்த வழியில் இளைஞர் சிலர் கல்விக்காக அந்நாடு சென்றனர். 1983 சூலை வன்செயலுக்குப் பின் அகதிகளாய்ச் சென்றோர் பெருகினர். அவர்களுட் பலர் நோர்வேயின் வட எல்லையான பின்மார்க் மாவட்டத்தின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்கு அமர்ந்தனர்.

பின்மார்க்கில் அக்டோபரிலேயே வெண்பனி பொழியத் தொடங்கும். நவம்பர் பிற்பகுதி தொடங்கிச் சனவரிப் பிற்பகுதிவரை ஏறத்தாழ இரண்டு மாதம் கதிரவன் அடிவானத்துக்கு மேலே எழுவதில்லை. கோடையிலோ இரண்டு மாதத்துக்கும் மேலாக அது மறைவதில்லை. குளிரைத் தாங்கும் முறையை அங்குள்ள மக்களிடமிருந்தே தமிழர் கற்றனர். தடித்த ஓர் உடையைவிட ஒன்றன்மேல் ஒன்றாய் அணியும் மெல்லிய கம்பளி உடைகளே சூட்டைக் காப்பன. வியர்வையில் நனைந்த பருத்தி உடை குளிரில் பகையாகும். கதிரொளியின்றி உடலில் உயிர்ச்சத்து 'டி' உருவாகாது. கருநிறத் தோலுக்கு அவ்வொளி மிகுதியாக வேண்டும். ஆதலால் நோர்வே மக்கள் குளிர்காலத்தில் உட்கொள்ளும் மீன் எண்ணெய் தமிழருக்கு இன்னும் இன்றியமையாததாயிற்று.

ஆயினும் உடையாலும் உணவாலும் தீராத குறை ஒன்று இருந்தது. இருளும் தனிமையும் சேர்ந்து உள்ளத்தை அழுத்துவதே அது. குளிரைக் கம்பளி தடுக்கும். தனிமையைத் தடுக்கச் சுற்றம் வேண்டும். பின்னாளில் வடபுலத் தமிழர் பலர் ஒஸ்லோ நகர்ப்புறத்துக்குப் பெயர்ந்தனர். பருவநிலையோடு, வேலையும் பிள்ளைகளின் கல்வியும் தமிழர் கூட்டமும் அவர்களை அங்கு ஈர்த்தன.

கனடாவின் வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது. 1986 ஆகஸ்டு 11ஆம் நாள், நியூபவுண்ட்லாந்துக் கடற்பரப்பில் உயிர்காக்கும் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை அப்பகுதி மீனவர் மீட்டனர். அடுத்த ஆண்டுகளில் டொரண்டோ நகரமும் அதன் சுற்றுப்புறங்களும் தமிழரின் பெருங்குடியிருப்பாயின. அங்கு நவம்பரிலேயே பனி பொழியத் தொடங்கும். சில ஆண்டுகளில் அதற்கு முன்பும் வரும். சனவரியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே. இருந்தும் அங்குத் தமிழ்க் கடைகளும் கோயில்களும் வார இறுதித் தமிழ் வகுப்புகளும் தழைத்தன. சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்கும் தீர்மானம் 2016இல் கனடா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

புதிய நிலம் இலக்கியத்திலும் இடம்பெற்றது. இந்திரா பார்த்தசாரதியும் எஸ். பொன்னுத்துரையும் தொகுத்து 1994இல் வெளிவந்த புலம்பெயர்ந்தோர் சிறுகதைத் தொகுதிக்குப் ‘பனியும் பனையும்’ என்றே பெயர். விட்டு வந்த நிலமும் வந்து சேர்ந்த நிலமும் ஓரெழுத்து வேறுபாட்டில் அப்பெயரில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இவற்றுள் சிந்தனைக்குரியது பொங்கல் திருநாள். கதிரவனுக்கு நன்றி கூறும் அந்நாளில், பின்மார்க் தமிழர்க்குக் கதிரவன் காட்சி தருவதே இல்லை. டொரண்டோவில் முற்றம் பனியால் மூடிக் கிடக்கும்; பானை அடுக்களைக்குள்ளேதான் பொங்கும். விழா அறுவடையோடும் வெயிலோடும் கொண்டிருந்த உறவு அங்கே அறுந்து போகிறது. அந்நிலையில் பிறக்கும் குழந்தைக்கு இவ்விழாவின் பொருளைக் கண்ணால் காட்ட இயலாது. மொழியால் மட்டுமே சொல்ல இயலும். அந்த மொழியும் வீட்டில் இல்லையாயின் எஞ்சுவது சர்க்கரைப் பொங்கலின் இனிப்பு மட்டுமே.

ஆகவே குடிபெயர எண்ணும் குடும்பம் வெப்பமானியை மட்டும் பார்த்து முடிவு செய்தல் போதாது. முன்னர்ச் சென்றோரிடம் மார்கழி, தை மாதங்களின் நிலையைக் கேட்டறிதல் வேண்டும்; கோடையில் எடுத்த படங்கள் கங்காணியின் வாய்ச்சொற்களைப் போன்றவை. வீட்டைச் சூடாக்கும் செலவும், இருளில் பணிக்குச் செல்லும் வழியும், பிள்ளைகள் தமிழ் கேட்கும் இடமும் ஒருங்கே எண்ணப்பட வேண்டியவை. சதுப்பை வடிகால் வென்றது. பிரிக்பீல்ட்சின் அயன்மையைக் கோயிலும் ஆசிரமமும் வென்றன. பனியையும் தமிழர் அவ்வழியிலேயே வென்று வருகின்றனர். தனியாளின் துணிவு அவர்களைக் கடல் கடக்கச் செய்தது. கூடி வாழும் முறையே அவர்களைக் குளிரில் நிலைக்கச் செய்தது.