பாதசேவையும் பாத சிகிச்சையும்

மனித உடம்பின் உறுப்புக்களுள் பாதத்தைப் போல நம்மவரால் உயர்த்தப்பட்டதும் தாழ்த்தப்பட்டதும் வேறொன்றில்லை. இறைவனை நினைக்குங்கால் திருவடியையே முதலில் நினைக்கின்றோம். குருவை வணங்குங்கால் பாதபூசை செய்கின்றோம். பள்ளிகொண்ட பெருமாளைச் சித்திரத்தில் எழுதுவோர் அவர் திருவடியை வருடும் திருமகளையும் உடன் எழுதுவர். ஆயினும் ஒருவரது கால் மற்றொருவர் மேல் தவறிப் பட்டுவிட்டால் பதறுகின்றோம். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றோம். இவ்விரு நிலைக்கும் நடுவே, களைத்த காலை இன்னொருவர் மடியில் வைத்துப் பிடித்துவிடும் சிறு செயல் ஒன்று தொன்றுதொட்டு வீடுகளில் இருந்து வந்தது. அதன் வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தோம்.

புகுந்ததற்குக் காரணமும் உண்டு. அண்மையில் சங்கத்து இளைஞர் ஒருவர் வண்ணத்தில் அச்சிட்ட பாதப்படம் ஒன்றைக் கொணர்ந்து காட்டினார். பெருவிரலிலே மூளை, மற்றை விரல்களின் அடியிலே கண்ணும் காதும், அதன்கீழ் சுவாசப்பை, உள்ளங்காலின் வளைவிலே இரைப்பையும் சிறுநீரகமும் என்று கோடு கிழித்து எழுதியிருந்தது. அவ்வவ்விடத்தை அழுத்த அவ்வவ்வுறுப்பின் நோய் தீரும் என்றும், இது நம் சித்தர்கள் அருளிய கலை என்றும் அடியிலே கண்டிருந்தது. அவருடைய அம்மம்மா பல்லாண்டாக நீரிழிவு உள்ளவர். உள்ளங்கால் எரிகிறது என்று இரவிலே நித்திரை கொள்ளாதவர். "இதனைச் செய்து பார்க்கலாமா?" என்பது இளைஞரின் கேள்வி. நாம் உடனே விடை கூறவில்லை.

முதலில் சித்தர் விடயத்தைப் பார்ப்போம். உடம்பு பிடித்தல் நம் வைத்தியத்துக்குப் புதிதன்று. வாகபடர் தமது அட்டாங்க இருதயத்திலே எண்ணெய் தேய்த்தலை நாளாந்த ஒழுக்கமாக விதித்து, தலை, காது, பாதம் ஆகிய மூன்றிடத்தும் அதனைச் சிறப்பாகச் செய்க என்கிறார். சித்த வைத்தியத்திலே புறமருந்து 32 வகைப்படும். அவற்றுள் தொக்கணம் என்பது உடம்பு பிடித்தலேயாம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகை. வர்ம நூலார் 108 வர்மங்கள் கூறுவர். படுவர்மம் 12, தொடுவர்மம் 96. காலிலும் வர்மங்கள் உண்டு. ஆனால் வர்மம் என்பது அடிபட்டால் ஆபத்து விளையும் இடம். அறிந்தவர் கைபட்டால் இளக்கம் பெறும் இடம். உடம்பு முழுவதையும் உள்ளங்காலிலே வரைந்து காட்டும் படம் அம்மரபுக்கு உரியதன்று.

ஏட்டை விட்டு ஊருக்கு வருவோம். தெல்லிப்பழையின் செம்மண் தோட்டங்களிலே இறைப்பு இயந்திரம் வருமுன்னர்த் துலாவினால் நீர் இறைத்தார்கள். ஒருவர் பட்டை பிடிக்க, மற்றொருவர் துலாவின் மேலே முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். விடியற்புறந் தொடங்கி வெயில் ஏறும்வரை மிதித்தவரின் காலுக்கு மாலையிலே இளஞ்சூடான இலுப்பெண்ணெயும் ஒரு சோடிக் கையும் வேண்டியிருந்தன. சுளுக்குக்கு வழிப்பதற்கும் முறிவு நெரிவுக்குக் கட்டுவதற்கும் பரியாரிமார் இருந்தனர். நோவெண்ணெய் வீட்டுக்கு வீடு இருந்தது. சனிக்கிழமை முழுக்கிலே பிள்ளைகளின் உள்ளங்காலிலும் எண்ணெய் வைத்துத் தேய்த்தே விட்டனர். இவற்றை வைத்தியம் என்று எவரும் பெயரிட்டு அழைத்ததில்லை.

இதிலே மறைக்கத் தகாத பக்கம் ஒன்றும் உண்டு. யார் காலை யார் பிடித்தார்? மருமகள் மாமியாரின் காலைப் பிடித்தாள். மனைவி கணவனின் காலைப் பிடித்தாள். ஏவலாள் உடையாரின் காலைப் பிடித்தான். மேலிருந்தவர் கீழிருந்தவரின் காலைப் பிடித்தது அரிது. 1707 இலே ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை அடிமைகளைப் பற்றிய விதிகளையும் கொண்டது. அடிமை முறை இலங்கையிலே சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844 இலேதான். சட்டம் ஒழித்த பின்னரும் வழக்கம் வெகுகாலம் நின்றது. காலைப் பிடித்தல் என்ற சொல்லே இன்றும் கெஞ்சுதலையும் இழிதலையும் குறிக்கின்றது. பிற்காலத்து இளைஞர் இவ்வேலையை அருவருத்து விட்டதிலே நியாயம் உண்டு. துலாவும் போயிற்று, ஏவலும் போயிற்று, அவற்றோடு, முதியவர் ஒருவரின் காலை அன்பினாலே தொடும் வழக்கமும் பல வீடுகளிலே போய்விட்டது. பின்னையது போனதுதான் எமக்குக் கவலை.

இனி அந்தப் படம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலே, கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்பர்ட் நகரிலே, வில்லியம் பிற்ஸ்ஜெரால்ட் என்னும் காது மூக்குத் தொண்டை வைத்தியர் இருந்தார். கைவிரல் முதலிய சில இடங்களை இறுக அழுத்தினால் வேறிடத்து நோவு மரத்துப் போவதாக அவர் கருதினார். உடம்பைத் தலைமுதற் கால்வரை நெடுக்காகப் பத்து வலயங்களாகப் பிரித்து, 1917 இலே எட்வின் பவர்ஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அவ்வழியிலே பின்னர் யூனிஸ் இங்காம் என்னும் அம்மையார் அழுத்தத்தைப் பாதத்திலே குவித்தார். உறுப்புக்களைப் பாதத்திலே குறித்துப் படம் வரைந்தவர் அவரே. கால்கள் சொல்லக்கூடிய கதைகள் என்று பொருள்படும் அவருடைய நூல் 1938 இலே வெளிவந்தது. இன்று றிஃப்ளெக்ஸோலொஜி என்று வழங்கும் பாத அழுத்த சிகிச்சை இதுவேயாம்.

எகிப்து தேசத்துச் சக்காராவிலே, அன்க்மாகோர் என்பவரின் கல்லறைச் சுவரில், ஏறக்குறைய 4,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட சிற்பம் ஒன்று உண்டு. ஒருவர் கையையும் காலையும் இன்னொருவர் பிடித்திருப்பதை அதிலே காணலாம். இச்சிகிச்சையின் தொன்மைக்கு இதனைச் சான்றாகக் காட்டுவர். நகம் திருத்துவதாகவும் அதனை ஆராய்ச்சியாளர் கொள்வதுண்டு. சீன தேசத்துப் பழங்கலை என்பாரும் உளர். ஆனால் தாய்வானிலே அதனைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர், முழங்கால் நோவினால் வருந்திய சுவிற்சர்லாந்துக் கத்தோலிக்கக் குருவான யோசப் இயுக்ஸ்ரர். ஐரோப்பியப் புத்தகம் ஒன்றைப் படித்தே அவர் அதனைக் கற்றார். ஒவ்வொரு தேசத்தாரும் இதனைத் தத்தம் முன்னோர்மேல் ஏற்றிவிடுவது வேடிக்கையே.

அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதற்காக நாம் இதனைத் தள்ளவில்லை. 1816 இலே அமெரிக்க மிசனாரிமார் வந்து இறங்கிய ஊர் எமது தெல்லிப்பழை. அவர்களுள் எட்வேட் வாறன் இங்கு நோயாளரையும் பார்த்தார். 1847 இலே யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் வைத்தியர் மானிப்பாயிலே இருந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். சமய விடயத்திலே எமக்கும் அவர்களுக்கும் இருந்த பிணக்கு வேறு. பிறர் தந்த நல்ல வைத்தியத்தை நம்மவர் ஏற்காது விட்டதில்லை. கேட்க வேண்டியது ஒன்றே: பயன் உண்டா?

2009 இலே எட்சாட் ஏர்ண்ஸ்ற் என்னும் பேராசிரியர் முறைப்படி நடந்த 18 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தார். எந்த நோயையும் இச்சிகிச்சை தீர்ப்பதாக நம்பத்தக்க சான்று இல்லை என்பது அவர் முடிவு. பாதத்தின் இன்ன இடத்திலிருந்து ஈரலுக்கு என்று தனி நரம்பு ஓடுவதில்லை. ஒருவர் வரைந்த படமும் மற்றவர் வரைந்த படமும் ஒத்திருப்பதுமில்லை. போரிலே மிதிவெடியால் காலை இழந்தோருக்கு 1987 தொடக்கம் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக் கால் பொருத்தி வருகின்றது. கால் போனவர்களுக்கு ஈரலும் சிறுநீரகமும் போய்விடவில்லை என்பதை நாம் கண்ணாற் கண்டிருக்கின்றோம்.

ஆயினும் வேறொரு பரிசோதனையும் உண்டு. மார்புப் புற்றுநோய் முற்றிய அமெரிக்கப் பெண்கள் 385 பேரைக் கொண்டு நடந்த அவ்வாய்வு 2012 இலே வெளிவந்தது. ஒரு பகுதியாருக்குப் படம் அறிந்தவர்கள் பாதம் அழுத்தினர். இன்னொரு பகுதியாருக்குப் படம் அறியாதவர்கள் சும்மா பிடித்துவிட்டனர். வேறு சிலருக்கு ஒன்றும் செய்யப்படவில்லை. முதற் பகுதியாருக்கு மூச்சு முட்டுதல் குறைந்தது. சும்மா பிடித்துவிடப்பட்டவர்களுக்கோ களைப்புக் குறைந்தது. நோய் ஒருவருக்கும் தீரவில்லை. ஆறுதல் இரு திறத்தாருக்கும் கிடைத்தது. எம் பாட்டிமார் இலுப்பெண்ணெயோடு செய்தது இந்த இரண்டாவது முறையே என்பதை வாசகர் கவனிப்பாராக.

ஆறுதல் சிறு பொருளன்று என்பதை இவ்வூராருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1990 இலே போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிலே கட்டிக்கொண்டு புறப்பட்டனர். சிலர் திரும்பி வர இருபது வருடத்துக்கு மேலாயிற்று; சிலர் வரவேயில்லை. தலையிடி, உடம்பெல்லாம் நோ, நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை என்று வைத்தியரிடம் போனவர்கள் எத்தனை பேர்! இந்நோக்களின் அடியிலே மனத்தின் காயம் இருப்பதைக் கண்டு எழுதியவர், தெல்லிப்பழை வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலே பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம். மெல்ல மூச்சு விடுதல், சாந்தியாசனம், அவரவர் சமயத்துக்கேற்ற மந்திரசெபம் முதலிய மரபுவழிச் சாந்தி முறைகளை அவர் நோயாளருக்குப் பயன்படுத்தினார். கால் பிடித்துவிடுதலும் அவ்வரிசையிலே வைக்கத்தக்கது என்பது எம் கருத்து. படுத்திருப்பவரின் மூச்சு ஆறுகின்றது. பேசாதவர் பேசத் தொடங்குகின்றார்.

எச்சரிக்கையும் அவசியம். நீரிழிவு நெடுங்காலம் இருந்தவரின் பாதத்திலே உணர்ச்சி குன்றும். ஆணி குத்தினாலும் தெரியாது. சூடு பட்டாலும் தெரியாது. அத்தகைய காலுக்குச் சுடுகல்லும் சுடுநீர் ஒத்தடமும் ஆகா. விரலிடுக்கிலே எண்ணெய் தேங்க விடலாகாது. பலமாக அழுத்தவும் கூடாது. கெண்டைக்கால் ஒருபக்கம் திடீரென வீங்கி நொந்தால் அது இரத்தம் கட்டியதாக இருக்கலாம். பிடிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்க. பாதத்தை அழுத்திப் புற்றுநோயைக் கரைப்பேன் என்பாரை நம்பி மாதங்களைப் போக்குவதைப் போன்ற நட்டம் வேறில்லை. போக இடமில்லாத ஊரும் அல்லவே இது. 2011 இலே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை முனைவரை, 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாளில் நடந்து பணம் திரட்டினார்கள். சிங்களவரும் தமிழரும் முசுலிம்களும் கூடி நடந்த அந்நடையின் பயனாகவே 2013 இலே தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது.

இளைஞருக்கு நாம் கூறியது இவ்வளவே: படத்தைச் சுருட்டி வை, அம்மம்மாவின் காலை மடியில் எடுத்து, வெளிச்சத்திலே, விரல் விரலாகப் பார், புண் இல்லையாயின் மெதுவாகப் பிடித்துவிடு. அன்று மாலையே அவர் திரும்பி வந்தார். சின்ன விரலின் இடுக்கிலே பயறளவு புண் ஒன்று இருந்ததாம். அம்மம்மாவுக்கு அது தெரியவேயில்லை. மறுநாட் காலை முதற் பஸ்ஸிலே கிழவியை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார்.