கொழும்பில் ஒரு மூதவை இருந்தது

தேர்தலில் நிற்காதவர்கள் சட்டம் இயற்றும் சபையில் உட்காரலாமா என்ற கேள்வி வந்தால், பெரும்பாலும் லண்டன் பிரபுக்கள் சபையைத்தான் உதாரணம் காட்டுவோம். நான் இன்று கொழும்புக்குப் போகிறேன். கோட்டையில் இப்போது வெளிவிவகார அமைச்சு இருக்கும் அந்தப் பழைய கட்டிடத்தில் 1947 முதல் 1971 வரை இலங்கையின் செனட் சபை, நாம் மூதவை என்று சொல்வது, கூடியது.

ஐம்பதுக்கு ஐம்பது கேட்ட ஜி. ஜி. பொன்னம்பலத்துக்கு சோல்பரி ஆணைக்குழு அதைக் கொடுக்கவில்லை. கிடைத்த காப்புகள் வேறு. அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு ஒன்று; அவசரச் சட்டங்களை ஆறப்போட்டு யோசிக்க ஒரு மூதவை மற்றொன்று.

அதன் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், விஷயமே அதில்தான் இருக்கிறது. மொத்தம் 30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை விகிதாசார முறையில் தெரிவு செய்யும். மீதி 15 பேரை மகாதேசாதிபதி நியமிப்பார். பொதுச்சேவை, சட்டம், மருத்துவம், கல்வி, வணிகம் என்று துறைகளில் சிறந்தவர்களாகப் பார்த்து நியமிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஆனால் அவர் நடப்பது பிரதமரின் ஆலோசனைப்படி. கீழ்ச்சபையில் பாதிப் பலம் உள்ள ஒரு கட்சி, தெரிவாகும் 15இல் ஏழெட்டைப் பிடிக்கும். நியமன இடங்களும் காலப்போக்கில் அதன் கைக்கே வரும். ஆக 30இல் 22. பெரும்பான்மையைத் தடுக்க வைத்த சபையில் பெரும்பான்மை இன்னும் பெருத்துவிட்டது!

எஸ். நடேசன் போன்ற பெரிய வழக்கறிஞர்கள் அங்கே இருந்தார்கள், உண்மைதான். ஆனாலும் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948 பிரசாவுரிமைச் சட்டம் அந்தச் சபையைத் தாண்டித்தான் சட்டமானது. 1956இல் ஆட்சி மாறியபோது உறுப்பினர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்சியில் வந்தவர்கள். பதவிக்காலம் ஆறு ஆண்டு அல்லவா? இரண்டு கூட்டத்தொடர்கள் வரை ஒரு மசோதாவை இழுத்தடிக்கும் அதிகாரமும் இருந்தது. தனிச்சிங்களச் சட்டம் ஜூனில் கீழ்ச்சபையில் நிறைவேறி, ஜூலை 7இல் சட்டமாகிவிட்டது. பழைய ஆளும் கட்சியும் தேர்தலுக்கு முன்பே அந்தக் கொள்கைக்கு மாறியிருந்ததே, யார் இழுத்தடிப்பது?

அந்தச் சபை வேறு வகையில் பயன்பட்டது. 1960 ஜூலையில் தேர்தலில் நிற்காமலே பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க, மூதவை நியமனத்தின் வழியாகத்தான் பாராளுமன்றத்துக்குள் வந்தார். உலகின் முதல் பெண் பிரதமர் ஒரு நியமன உறுப்பினர். 1965இல் தமிழரசுக் கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் அதே வழியில் வந்து உள்ளூராட்சி அமைச்சரானார். திருக்கோணமலைக் கோணேசர் கோயில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் அமைத்த குழுவைப் பிரதமர் டட்லி சேனநாயக்க நிறுத்தியதும், 1968இல் பதவி விலகினார். நியமனத்தால் ஒரு நாற்காலி கிடைத்தது, அவ்வளவுதான்.

1970இல் சிறிமாவோ மீண்டும் வந்தபோது அரசாங்கத்துக்கு மூதவையில் பெரும்பான்மை இல்லை. 1971 அக்டோபர் 2இல் மூதவை ஒழிந்தது. 1972 மே 22இல் வந்த குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவும் இல்லை.

என்னிடம் கேட்டால், தேர்தலா நியமனமா என்று சண்டை போடுவதற்கு முன், ஓர் உறுப்பினர் தன் கதிரைக்கு யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று கேட்பேன். கொழும்பில் தெரிவானவர், நியமனமானவர் இரு சாராருமே ஒரே கீழ்ச்சபைக்குத்தான் கடன்பட்டிருந்தார்கள்.

2017இல் அரசியலமைப்புப் பேரவையின் வழிநடத்தல் குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கை இதைத் தொட்டது. 55 பேர் கொண்ட இரண்டாவது சபை. அதில் 45 பேர், ஒன்பது மாகாண சபைகளிலிருந்தும் ஐந்து ஐந்து பேராக. கடன் மாகாணத்துக்கு. யாழ்ப்பாணத்தில் தெரிவாகும் சபைக்குக் கொழும்பில் ஐந்து குரல். அந்த அரசியலமைப்பு நிறைவேறவில்லை. 2019க்குள் எல்லா மாகாண சபைகளின் பதவிக்காலமும் முடிந்து, பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலே நடக்கவில்லை. மாகாணங்களை நடத்தியவர்கள் ஆளுநர்கள். அவர்கள் ஜனாதிபதியின் நியமனம்.