தலைக்கு எத்தனை லிட்டர்? – இரண்டு கப்பல்கள், ஒரு கணக்கு

போரில் மூழ்கிய வணிகக் கப்பல்களைப் பற்றிய எழுத்துகளில் உயிர் பிழைத்தவரின் மனஉறுதிக்கே முதலிடம். அதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று பூன் லிம். ஹைனான் தீவில் பிறந்த இந்த இளைஞர் பென்லோமண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலில் பரிமாறும் பணியில் இருந்தார். 1942 நவம்பர் 23 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி யு-172 அக்கப்பலை அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது. கப்பலில் இருந்த 54 பேரில் பிழைத்தவர் அவர் ஒருவரே. மிதவையில் 133 நாள் கிடந்தபின் 1943 ஏப்ரலில் பிரேசில் மீனவர்கள் அவரைக் கரைசேர்த்தனர்.

அவருடைய உறுதியை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் கடலில் யார் பிழைத்தார், யார் மாண்டார் என்ற கேள்விக்கு அந்த உறுதி மட்டுமே விடையாகாது. ஆங்கிலோ-சாக்சன் கப்பலின் கதை அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

1940 ஆகஸ்ட் 21 இரவு. வேல்ஸிலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு அர்ஜென்டினாவுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பலை, வணிகக் கப்பல் வேடத்தில் திரிந்த ஜெர்மன் தாக்குகப்பல் விட்டர் இருட்டில் நெருங்கிச் சுட்டது. கப்பலில் இருந்தவர்கள் 41 பேர். பெரிய உயிர்காப்புப் படகுகள் குண்டுபட்டுச் சிதைந்தன. பதினெட்டு அடி நீளச் சிறுபடகு ஒன்றில் ஏழு பேர் மட்டும் சத்தமின்றி விலகினார்கள். துறைமுகத்துக்குள் எடுபிடி வேலைக்கு வைத்திருந்த படகு அது. நெடுங்கடலுக்கென்று யாரும் அதில் பொருள் சேர்த்து வைத்திருக்கவில்லை. கொஞ்சம் பிஸ்கட், சில இறைச்சி டின், பால் டின், ஏறத்தாழ நான்கு கேலன் தண்ணீர், அவ்வளவுதான்.

முதல் அதிகாரி டென்னி செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். தண்ணீரை அளந்து கொடுத்தார், மேற்கு நோக்கிப் பாய் விரித்தார், நாட்குறிப்பு எழுதினார். படகின் விளிம்புப் பலகையில் நாளுக்கொரு வெட்டாகக் கத்தியால் குறித்து வந்தார்கள். ஒழுங்குக்கோ துணிவுக்கோ அங்கே குறைவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் தண்ணீர் அறவே தீர்ந்தது. நான்கு கேலன் என்பது 18 லிட்டர். ஏழு பேருக்குத் தலைக்கு இரண்டரை லிட்டர் சொச்சம். பதினைந்து நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு ஒரு தம்ளர்கூடத் தேறாது. அதுவும் வெப்பமண்டல வெயிலில்! டென்னியும் பொறியாளர் ஒருவரும் சேர்ந்தே கடலில் இறங்கிவிட்டார்கள். செப்டம்பர் 9-க்குள் ஐவர் போய்விட்டனர். எஞ்சியவர்கள் டாப்ஸ்காட், விடிகோம்ப் என்ற இரண்டு இளம் மாலுமிகள்.

செப்டம்பர் 12 அன்று மழை கொட்டியது. எட்டு நாள் கழித்து மறுபடியும் பெய்தது. அந்த மாதக் கடைசிக்குள் பிஸ்கட்டும் தீர்ந்தது. அதன்பிறகு ஒரு மாதத்துக்கும் மேலாகக் கடற்பாசியையும் அதில் ஒட்டிவந்த சிறு நண்டுகளையும் தின்றே இருவரும் உயிர்பிடித்திருந்தார்கள். அக்டோபர் 30 அன்று, எழுபதாம் நாள், பஹாமாஸின் எலூதெரா தீவில் படகு ஒதுங்கியது. தண்ணீர் போதாதபோது மூன்று வாரத்துக்குள் ஐவர் மாண்டார்கள். தண்ணீர் கிடைத்தபின் ஏழு வாரத்தில் ஒருவர்கூட மாளவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். இறந்தவர்களில் சிலர் குண்டடிபட்டவர்கள். வானொலி இயக்குநர் பில்ச்சரின் கால் அழுகிப்போயிருந்தது. நியாயமான மறுப்புதான். ஆனால் டென்னியோடு கடலில் இறங்கிய பொறியாளரும், கடைசியில் சித்தம் கலங்கி இறந்த சமையற்காரரும் காயத்தால் மாண்டவர்கள் இல்லை.

இப்போது பூன் லிம்மின் மிதவைக்குத் திரும்பலாம். அதில் சுமார் 40 லிட்டர் தண்ணீர் இருந்தது. பலருக்கென்று வைத்த அந்தத் தண்ணீர், மற்ற 53 பேரும் மாண்டதால் ஒருவருக்கே வாய்த்தது. ஆங்கிலோ-சாக்சன் படகில் ஒருவருக்குக் கிடைத்ததைப் போலப் பதினைந்து மடங்கு அது. டார்ச் விளக்கின் கம்பிச் சுருளை வளைத்துத் தூண்டில் முள் செய்யவும், சணல் கயிற்றைப் பிரித்து நரம்பு திரிக்கவும், உயிர்காப்பு அங்கியின் துணியில் மழையை ஏந்தவும் அவருக்கு அவகாசம் தந்தது அந்த இருப்பே. அவருடைய கைத்திறன் பெரிது. அது வேலை செய்யத் தெளிந்த தலையும் சில வாரங்களும் வேண்டியிருந்தன.

தனிக்கதைகளுக்கு அப்பாலும் சான்று உண்டு. உயிர்காப்புப் படகுப் பயணங்கள் 163-ஐத் தொகுத்த ஓர் ஆய்வில், கடல்நீர் குடிக்கப்பட்ட படகுகளில் இறப்பு 39 சதவீதம்; குடிக்காதவற்றில் 3 சதவீதம். கடல்நீரின் உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் குடித்ததைவிட அதிக நீரை உடலிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இது தெரிந்த மாலுமியும் நாக்கு வறண்டு வீங்கும்போது அலையில் கைவைக்கிறார். அவரைக் கோழை என்பது அநீதி. படகில் நல்ல தண்ணீர் போதுமான அளவு வைத்திருந்தால் அந்த நிலை அவருக்கு வந்திருக்காது. பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் கப்பல் மூழ்கியபின் உயிர்காப்பது பற்றிய வழிகாட்டியை வெளியிட்டது 1943-இல். போர் தொடங்கி அப்போது நான்காவது ஆண்டு.

பஹாமாஸில் உடல் தேறிய விடிகோம்ப், ஊர் திரும்பும் வழியில் 1941 பிப்ரவரியில் சயாமீஸ் பிரின்ஸ் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியபோது மாண்டார். விட்டரின் தலைவர் ருக்டெஷெல் 1947-இல் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றத்தின்முன் நின்றார். ஆங்கிலோ-சாக்சனில் பிழைத்தவர்களின் பாதுகாப்புக்கு எந்த ஏற்பாடும் செய்யாமல் விட்டதும் அவர்மீது நிரூபணமான குற்றங்களில் ஒன்று.